பேப்பர் கிராஃப்டில் பைபிள் கதைகள்: பல வருடம் செய்து பார்த்ததில் எது நிற்கிறது

காரைக்குடிப் பக்கம் ஒரு சின்ன சபையில் சண்டே ஸ்கூல் எடுக்கிறேன். மே மாதம் விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) வந்துவிட்டால் சபைக்கு வராத வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து கூட்டம் கூடிவிடும். இத்தனை வருடத்தில் இணையத்தில் கிடைக்கிற இலவச பிரிண்ட், காசு கொடுத்து வாங்கிய கிட், நாங்களே வெட்டி ஒட்டியது என்று எல்லாவற்றையும் பிள்ளைகள் கையில் கொடுத்துப் பார்த்தாகிவிட்டது. எதை வாங்கலாம், எதை விடலாம் என்று பக்கத்து ஊர் டீச்சர்கள் அடிக்கடி கேட்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கதையில் என்ன நடக்கிறதோ அது பிள்ளையின் கையிலும் நடக்க வேண்டும். ஏற வேண்டியவன் ஏற வேண்டும், இடிய வேண்டியது இடிய வேண்டும். ஆட்டுக்குட்டிப் படத்துக்குப் பஞ்சு ஒட்டுவது அழகாகத்தான் இருக்கும், அம்மாமார் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பார்கள், ஆனால் அடுத்த ஞாயிறு கேட்டால் பஞ்சு ஒட்டியதுதான் பிள்ளைக்கு நினைவிருக்கும், மேய்ப்பன் எதற்காக மற்ற ஆடுகளை விட்டுவிட்டுப் போனான் என்பது நினைவிருக்காது.

எங்களிடம் எல்லா வருடமும் சோடை போகாதது, இயேசுவிடம் குணமாக்கக் கொண்டுவந்த திமிர்வாதக்காரனை, அதாவது நடக்க முடியாதவனை, கூரையைப் பிரித்து இறக்கிய கதைதான். காலி ஸ்வீட் பாக்ஸ்தான் வீடு. மூடியில் நாலு பக்கமும் கோடு போட்டு, மூன்று பக்கம் மட்டும் வெட்டினால் கூரை திறக்கும். தீப்பெட்டியின் உள்தட்டு படுக்கை, நாலு மூலையிலும் நூல். நாலு பிள்ளைகள் ஆளுக்கொரு நூலைப் பிடித்து இறக்க வேண்டும், ஒருவன் அவசரப்பட்டால் படுக்கை சாய்ந்து ஆள் விழுந்துவிடுவான். மாற்கு 2ஆம் அதிகாரத்தில் நாலு பேர் சுமந்து வந்தார்கள் என்று ஏன் சொல்லியிருக்கிறது என்பதை நான் வாயால் விளக்க வேண்டிய தேவையே இருக்காது. இங்கே நடுவில் முற்றம் வைத்த வளவு வீடுகளைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆச்சே, “ஏன் டீச்சர், முற்றத்து வழியா இறக்கியிருக்கலாமே” என்று ஒரு பையன் கேட்டான். எனக்கு அவ்வளவு சந்தோஷம்! கதை நடந்த ஊர் வீடுகளில் மரச்சட்டத்தின் மேல் கிளைகளைப் பரப்பி மண் பூசுவார்கள், அதனால்தான் பிரிக்க முடிந்தது, வாசலில் கால் வைக்கக்கூட இடமில்லாத கூட்டம் என்று அங்கிருந்தே அடுத்த பேச்சு தொடங்கிவிட்டது. அப்புறம் அந்தக் கூரையை யார் சரி பண்ணிக் கொடுத்தது என்று ஒரு கேள்வி. வேதத்தில் அது இல்லை, அதையும் அப்படியே சொன்னேன்.

நோவாவின் பேழைக்கு வாங்கிய கிட் எனக்குத் திருப்தியாக இல்லை. தொட்டி மாதிரி உருண்டையான ஒரு படகு, மேலே ஒட்டகச்சிவிங்கித் தலை. ஆதியாகமம் 6ஆம் அதிகாரத்தில் நீளம் 300 முழம், அகலம் 50, உயரம் 30 என்று தெளிவாக இருக்கிறது. அதை அப்படியே 30 செ.மீ., 5 செ.மீ., 3 செ.மீ. என்று எடுத்துக்கொண்டால் ஒரு ஸ்கேல் நீளத்துக்கு அளவு மாறாத பேழை வந்துவிடும். முழம் என்றால் என்ன என்று இங்கே எந்தப் பிள்ளைக்கும் சொல்லித்தர வேண்டாம், பூக்காரம்மா தினமும் கையால் அளக்கிறார். ஒரு முழம் சுமார் 45 செ.மீ. என்று வைத்தால் நிஜப் பேழை 135 மீட்டர் வரும். தெருவில் நின்று அந்த நீளத்தை நடந்து காட்டினோம், பெரிய பிள்ளைகளே வாயடைத்துப் போனார்கள். உள்ளே மூன்று தட்டு, பக்கவாட்டில் கதவு, இரண்டையும் மறக்காதீர்கள்.

குழந்தை மோசேயை வைத்து ஆற்றோரம் விட்ட நாணற்பெட்டிக்கு இணையத்தில் கிடைத்த பிரிண்ட் வெறும் அரைவட்டம், கோடு கோடாகக் கலர் அடிக்க வேண்டியதுதான். அதை விட்டுவிட்டு பேப்பர் நாடாவில் கொட்டான் முடைய வைத்தோம். செட்டிநாட்டில் ஓலைக் கொட்டான் தெரியாத வீடு ஏது? வகுப்பில் பாதியில் நின்றதை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆயாவோ அப்பத்தாவோ உட்கார்ந்து முடித்துத் தருகிறார்கள், முடிக்கிற நேரத்தில் பேரன் அவர்களுக்குக் கதையைச் சொல்கிறான். உள்பக்கம் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட்டுத் தண்ணீரில் விட்டால் கொஞ்ச நேரம் மிதக்கும். மோசேயின் தாய் ஏன் பெட்டிக்குப் பிசினும் கீலும் (தாரும்) பூசினாள் என்பது அங்கே புரிந்துவிடும். ஆறு வயதுக்குக் கீழே இருந்தால் முடைவது சிரமம், அவர்களுக்கு நாங்களே பாதி முடைந்து கொடுக்கிறோம்.

இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய சகேயு எளிது: மரத்தில் ஒரு நீளவெட்டு, ஐஸ் குச்சியில் ஆள், மேலும் கீழும் ஓடுவான். அவன் ஏறியது காட்டத்தி என்பதால் பழத்தை அடிமரத்திலேயே ஒட்டச் சொல்லுங்கள், நம்மூர் அத்தியும் அப்படித்தான் காய்க்கும். மீன் வயிற்றில் மூன்று நாள் இருந்த யோனாவுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைக் கவர் போதும், அதுதான் மீன். யோனாவை உள்ளே போட்டு மூடி வீட்டுக்கு அனுப்புவோம், மூன்று நாள் கழித்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். பெரும்பாலும் தாங்கிக்கொள்கிறார்கள்.

பேப்பர் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். சாதாரண 80 ஜிஎஸ்எம் (தாளின் கனத்தைச் சொல்லும் அளவு) ஏ4 தாளில் எடுக்கிற பிரிண்ட் நிற்காது, மே மாத வியர்வைக் கையில் நனைந்து துவண்டுவிடும், ஃபேன் போட்டால் பறக்கும், ஃபேன் போடாமல் இங்கே உட்கார முடியாது. 200 ஜிஎஸ்எம் அளவில் ஐவரி போர்டு நல்லது. அதைவிட நல்லது கல்யாணப் பத்திரிகை அட்டை. இந்த ஊர்ப் பத்திரிகைகளின் கனம் தெரியுமே, மடித்தால் கோடு சுத்தமாக விழும், காசும் இல்லை. பிள்ளையார் படம் அச்சடித்த பக்கத்தை மட்டும் நாங்கள் வெட்டுவதில்லை, தனியே எடுத்து வைத்துவிடுவோம். கொடுத்த வீட்டாருக்கு அந்த மரியாதை வேண்டும், அவர்கள் பிள்ளைகளும் விபிஎஸ்ஸுக்கு வருகிறார்கள். மைதா பசை ஒட்டும், ஆனால் அலமாரியில் வைத்தால் கரப்பானும் எறும்பும் விடாது. அடுத்த வருடத்துக்கு எடுத்துவைக்கிற மாதிரிகளுக்கு ஃபெவிகால்தான்.

காசு கொடுத்து வாங்கும் கிட்களில் எனக்குள்ள பெரிய குறை முகங்கள். எல்லோரும் பொன்னிற முடி, நீலக்கண். இயேசுவின் சீடர்களான கலிலேயா மீனவர்கள் வெயிலில் காய்ந்தவர்கள். அதனால் முகம் வரையாத ஆட்களை வெட்டிக்கொடுத்து, பிள்ளைகளையே வரையச் சொல்கிறேன். பேதுருவுக்குத் தன் தாத்தாவின் மீசையை வைத்தாள் ஒருத்தி, அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. மற்றபடி கத்தரிக்கோல் வேலை அதிகமுள்ள கிட் எதையும் நான் சிபாரிசு செய்யமாட்டேன். முக்கால் மணி நேர வகுப்பில் வெட்டி முடிக்கவே நேரம் போய்விடும், கதை நடுவழியில் நின்றுவிடும். விரித்தால் எழும்புகிற பாப்-அப் வகை பத்து வயதுக்கு மேல் சரி, சின்னவர்களிடம் கொடுத்தால் கிழிந்துபோய் அழுகைதான்.

இந்த விபிஎஸ்ஸுக்கு எரிகோ பட்டணத்து மதில் இடிந்து விழுந்த கதையை எடுத்திருக்கிறோம். நடுவில் பட்டணம், சுற்றிலும் ஒரு வட்ட அட்டை, அதில் எக்காளம் பிடித்த ஏழு ஆசாரியர்கள் (குருமார்), உடன்படிக்கைப் பெட்டி, பின்னால் ஜனங்கள். ஆறு நாள் தினம் ஒரு சுற்று, ஏழாம் நாள் ஏழு சுற்று, மொத்தம் 13 முறை பிள்ளைகளே திருப்ப வேண்டும், அதுவரை யாரும் வாய் திறக்கக்கூடாது, கடைசியில் ஆர்ப்பரித்ததும் மதிலை வெளியே தள்ளி விழவைக்கலாம். இரண்டு அட்டையையும் சேர்க்க ஸ்பிளிட் பின் (துளையில் செருகி இரண்டு காலையும் விரித்துவிடுகிற பின்) தேவைப்படும், அதை ஏப்ரலிலேயே வாங்கி வைத்துவிடுங்கள். கிடைக்காவிட்டால் சட்டைப் பட்டனை நூலால் கொஞ்சம் தளர்வாகக் கட்டினாலும் நன்றாகவே சுற்றுகிறது.