பழைய சிஸ்டத்துக்கு எந்த டிரைவ்: ஹார்ட் டிஸ்க்கா, சாட்டா எஸ்எஸ்டியா, என்விஎம்இயா?

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால் இரண்டு வகைதான் அடிக்கடி கண்ணில் படுகிறது. ஒன்று, பல வருடம் முன்னால் வாங்கிய அசெம்பிள்டு டெஸ்க்டாப். இன்னொன்று, பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினி. இரண்டுக்குள்ளும் ஓடுவது பெரும்பாலும் பழைய ஹார்ட் டிஸ்க்தான். "சிஸ்டம் ரொம்ப ஸ்லோ, தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்கிடலாமா?" என்று கேட்பவர்களிடம் நான் முதலில் சொல்வது, டாஸ்க் மேனேஜரைத் திறந்து டிஸ்க் என்ற இடத்தைப் பாருங்கள் என்பதுதான். எதுவும் செய்யாமல் சும்மா இருக்கும்போதே அது 100 சதவீதத்தைத் தொட்டு அங்கேயே நின்றால், சந்தேகம் முதலில் டிரைவ் மேல்தான் வர வேண்டும். ரேம் 2 ஜிபிதான் இருக்கிறது என்றால் மட்டும் அதையும் சேர்த்துக் கூட்ட வேண்டும். இல்லையென்றால் டிரைவை மட்டும் மாற்றினால் போதும்.

மாற்றி எதைப் போடுவது? கடையில் மூன்று பதில் கிடைக்கும்.

முதல் பதில், 5400-ஐக் கழற்றிவிட்டு 7200 ஆர்பிஎம் ஹார்ட் டிஸ்க் போடுவது. இதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். கணக்கைப் பாருங்கள். நிமிடத்துக்கு 7200 சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லிசெகண்ட். நமக்கு வேண்டிய இடம் டேட்டாவைப் படிக்கும் ஹெட்டுக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெகண்ட் ஆகும். 5400 டிஸ்க்கில் இது 5.6. ஹெட் ஒரு டிராக்கிலிருந்து இன்னொரு டிராக்குக்கு நகர மேலும் பத்து மில்லிசெகண்ட் அளவுக்குப் போகும். இரண்டையும் கூட்டினால் ஒரு செகண்டுக்கு எழுபது, எண்பது இடங்களுக்கு மேல் அதால் தொட முடியாது. விண்டோஸ் பூட் ஆகும்போது கேட்பதோ அங்கங்கே சிதறிக் கிடக்கும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள். சுழற்சியை எவ்வளவு கூட்டினாலும் இந்த இடத்தில் மாட்டிக்கொள்ளத்தான் வேண்டும். 10,000 ஆர்பிஎம்மில் சுழன்ற வெலாசிராப்டர் மாதிரி டிரைவ்கள்கூட எஸ்எஸ்டி வந்த பிறகு நிற்க முடியாமல் போனது இதனால்தான். ஆனால் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் போட்டோ, சிசிடிவி பதிவு என்று பெரிய ஃபைல்களைச் சேர்த்து வைக்க இன்னமும் ஹார்ட் டிஸ்க்தான் கட்டுப்படியாகும். விண்டோஸை மட்டும் அதன் தலையில் ஏற்றாதீர்கள்.

அடுத்தது சாட்டா எஸ்எஸ்டி: டேட்டாவைச் சிப்பில் வைக்கும் டிரைவ், ஹார்ட் டிஸ்க் மாட்டும் அதே சாட்டா இணைப்பில் மாட்டுவது. உள்ளே சுழல எதுவும் இல்லை; எந்த இடத்தைக் கேட்டாலும் ஒரு மில்லிசெகண்டில் சின்னப் பங்கு நேரத்தில் எடுத்துக் கொடுத்துவிடும். அட்டைப்பெட்டியில் செகண்டுக்கு 550 எம்பி என்று போட்டிருப்பார்கள். எச்61 என்ற பழைய இன்டெல் சிப்செட் மதர்போர்டில் இருப்பது வேகம் குறைந்த சாட்டா 2 என்பதால் அதில் பாதிதான் வரும். இதைச் சொல்லி வேண்டாம் என்று தடுக்கிறவர்கள் உண்டு. அது தப்பு. வேகம் தெரிவது அந்த 550-இல் இல்லை, காத்திருக்கும் நேரம் குறைவதில்தான். அது சாட்டா 2-லும் அப்படியே கிடைக்கும். எச்81 போர்டில் நான்கு போர்ட்டில் இரண்டு மட்டும் 6 ஜிபிபிஎஸ், அதாவது வேகமான சாட்டா 3. கேபிளை அதில்தான் சொருக வேண்டும். போர்டில் 'சாட்டா 3' என்று அச்சிட்டிருப்பது மூன்றாம் நம்பர் போர்ட் என்ற அர்த்தத்திலும் இருக்கலாம். '6ஜி' என்று இருந்தால் குழப்பமில்லை.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கடையிலேயே ஒரு சாட்டா கேபிளும் கேட்டு வாங்கிவிடுங்கள், எஸ்எஸ்டி பெட்டிக்குள் அது பெரும்பாலும் இருக்காது. உள்ளங்கையில் அடங்குகிற 2.5 இன்ச் டிரைவ் அது. டெஸ்க்டாப்பில் அதற்கான பிராக்கெட் இல்லாவிட்டால் டபுள் சைடு டேப் போட்டு ஒட்டினாலும் பாதகமில்லை, அதிர எதுவும் இல்லையே. விலையில்லா மடிக்கணினியில் 2.5 இன்ச் ஹார்ட் டிஸ்க் இருந்தால் வேலை இன்னும் சுலபம்: பழையதை உருவிவிட்டு அதே இடத்தில் இதைச் சொருகலாம். அந்த இடத்தில் பொருந்துமா என்று தடிமனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது என்விஎம்இ, கேபிள் இல்லாமல் போர்டிலேயே நேராகச் சொருகும் எஸ்எஸ்டி. விரல் நீளத்துக்குச் சூயிங்கம் பட்டை மாதிரி இருக்கும். 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம் என்பதால் 2280 என்று எழுதியிருப்பார்கள். இது பயன்படுத்தும் பிசிஐஇ என்ற வேகப் பாதையின் மூன்றாம் தலைமுறையில் செகண்டுக்கு 3500 எம்பி, நான்காம் தலைமுறையில் 7000 வரை. சாட்டாவைப் போல ஆறு, பன்னிரண்டு மடங்கு என்று கேட்கும்போது ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் பூட் ஆவதிலும், பிரவுசர் திறப்பதிலும், டேலியில் பில் போடுவதிலும் சாட்டாவுக்கும் இதற்கும் வித்தியாசம் ஒன்றிரண்டு செகண்டுக்கு மேல் தெரியாது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து சாட்டாவுக்கு வருவதுதான் பெரிய தாவல். ஸ்டுடியோ வைத்து 4கே வீடியோ எடிட் செய்பவர் என்றால் பேச்சே வேறு, அவர் யோசிக்காமல் என்விஎம்இ வாங்கலாம்.

பழைய போர்டுக்காரர்கள் ஏமாறுவது இங்கேதான். இந்த டிரைவைச் சொருகும் எம்.2 ஸ்லாட்டே இல்லாத போர்டில் பிசிஐஇ அடாப்டர் போட்டு மாட்டலாம் என்பார்கள். மாட்டலாம், விண்டோஸுக்குள் டிரைவும் தெரியும். ஆனால் சிஸ்டத்தை முதலில் எழுப்பும் பழைய பயாஸுக்கு அதிலிருந்து பூட் செய்யத் தெரியாது. ஸ்லாட் இருந்தாலும் அது சாட்டா வகை எம்.2-ஐ மட்டும் ஏற்பதாக இருக்கலாம். வாங்கும் டிரைவ் எந்த வகை என்பது, சொருகும் முனையில் ஒரு வெட்டா இரண்டு வெட்டா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்: ஒரே வெட்டு பெரும்பாலும் என்விஎம்இ, இரண்டு வெட்டு பெரும்பாலும் சாட்டா. மதர்போர்டு மேனுவலைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுப்பதுதான் நிச்சயமான வழி. மாட்டும்போது சாய்வாக நுழைத்து, கீழே அழுத்தி, ஒரு பொடி ஸ்குரூவால் இறுக்க வேண்டும். அந்த ஸ்குரூ பழைய போர்டில் காணாமல் போயிருக்கும், அதையும் கடையில் கேளுங்கள்.

ஆக என் தேர்வு: போர்டில் என்விஎம்இ ஏற்கும் ஸ்லாட் இருந்தால், விலை கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும்போது என்விஎம்இ. இல்லையென்றால் 500 ஜிபி சாட்டா, கூடவே பழைய ஹார்ட் டிஸ்க் ஸ்டோரேஜுக்கு. 120 ஜிபி வாங்காதீர்கள், விண்டோஸும் அப்டேட்டும் புரோகிராம்களும் சேர்ந்து அதைச் சீக்கிரம் நிரப்பிவிடும்.

எங்கே வாங்குவது? கிருஷ்ணகிரியிலிருந்து, கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த பெங்களூரு எஸ்பி ரோடு 90 கிலோமீட்டர் அளவுதான், விலையும் கொஞ்சம் இறங்கும். ஆனால் ஒரே ஒரு டிரைவுக்காகப் போனால் மிச்சமாவது பஸ் செலவுக்கே போய்விடும். சீரியல் நம்பர் எழுதிய பில் தருகிற உள்ளூர்க் கடையே எனக்குப் பிடிக்கும். மூன்று வருடமோ ஐந்து வருடமோ வாரண்டியில் ஏதாவது ஆனால் நேரில் போய் நிற்கலாம். ஆன்லைனில் பெயர் தெரியாத கம்பெனியின் '2 டிபி' டிரைவ் நம்ப முடியாத விலைக்கு வந்தால் அது போலிதான்.

இரண்டு விஷயத்தை எஸ்எஸ்டி சரிசெய்யாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தைய சிஸ்டங்களை விண்டோஸ் 11 முறைப்படி ஏற்காது. அந்த மாதிரி சிஸ்டத்தில் எஸ்எஸ்டி போட்டு, விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச ஆபரேட்டிங் சிஸ்டம் ஏற்றினால் நன்றாகவே ஓடும். அப்புறம், கோடை மழைக் காற்றில் கரண்ட் போய்ப் போய் வருகிற நம் ஊரில் யுபிஎஸ் இல்லாமல் எந்த டிரைவுக்கும் பாதுகாப்பில்லை. ஹார்ட் டிஸ்க் சாவதற்கு முன் பல சமயம் டக் டக் என்று சத்தம் கொடுக்கும். எஸ்எஸ்டி சொல்லாமல் கொள்ளாமல் போய்விடும். அதனால் பேக்கப் வேண்டும். பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுத்து (குளோன்) புது டிரைவில் பூட் ஆனதும் பழைய டிஸ்க்கை ஃபார்மட் செய்ய அவசரப்படாதீர்கள். சில வாரம் அப்படியே எடுத்து வையுங்கள், எல்லா ஃபைலும் வந்துவிட்டதா என்று பார்த்த பிறகு ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டால் பேக்கப்புக்கு அதுவே ஆகிவிடும்.