லஹிஞ்சா, பாலிபனியனா? அயர்லாந்தின் மேற்குக் கரையில் ஒரே ஒரு ஆட்டம்தான் என்றால்

ஷானன் விமான நிலையத்தில் இறங்கி, கோல்ஃப் பையோடு வெளியே வருகிறவர்களுக்கு முன்னால் இரண்டு திசைகள். வடமேற்கே போனால் கிளேர் மாவட்டத்து லஹிஞ்ச். தென்மேற்கே போனால் கெர்ரி மாவட்டத்து பாலிபனியன். நடுவில் ஷானன் ஆறு அகன்று கடலில் கலக்கிறது. இரண்டு கிளப்பும் கிட்டத்தட்ட ஒரே வயது: லஹிஞ்ச் 1892, பாலிபனியன் 1893. இரண்டுமே அட்லாண்டிக்கைப் பார்த்த மணல்மேடுகளில் இருக்கின்றன, இரண்டிலும் பழைய கோர்ஸ், அதாவது பழைய ஆடுகளம்தான் பெயர் பெற்றது. வட அயர்லாந்தின் ராயல் போர்ட்ரஷும் ராயல் கவுண்டி டவுனும் மகத்தான இடங்கள்தான். ஆனால் அவை தீவின் மறுகோடியில் இருக்கின்றன, அவற்றுக்குத் தனிப் பயணம் வேண்டும். மேற்குக் கரைக்கு வந்தவர் இந்த இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுத்தாக வேண்டும் என்றால் எது?

இரண்டிலும் நிலத்தின் குணம் ஒன்றுதான். அடியில் மணல். அதனால் காலையில் கொட்டிய மழை மதியத்துக்குள் உள்ளே இறங்கிவிடும். மேலே ஃபெஸ்க்யூ என்ற மெல்லிய, வறண்ட புல். பந்து விழுந்த இடத்தில் நிற்காது, இன்னும் இருபது முப்பது கஜம் ஓடும். உள்நாட்டுப் புல்வெளியில் பழகியவர்கள் பந்தை உயரத் தூக்கி, குழி இருக்கும் புல்தரையான கிரீனில் இறக்கி, அங்கேயே நிறுத்தப் பார்ப்பார்கள். இங்கே அந்தப் பந்தைக் காற்று எடுத்துக்கொண்டு போய்விடும். தாழ்வாக அடித்துத் தரையில் உருட்ட வேண்டும். கிரீனுக்கு வெளியே இருபது கஜத்தில் இருந்தாலும் பந்தை உருட்டும் மட்டையான பட்டரை எடுப்பதுதான் பல நேரம் புத்திசாலித்தனம். இவ்வளவும் இரண்டுக்கும் பொது.

வித்தியாசம் மணல்மேடுகளை என்ன செய்கிறார்கள் என்பதில் இருக்கிறது. பாலிபனியன் உங்களை மேடுகளுக்கு ஊடே நடத்திக்கொண்டு போகிறது. லஹிஞ்ச், மேட்டுக்கு மேலே பந்தை அடி என்கிறது, அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று காட்டாமலே.

லஹிஞ்சின் 4ஆவது ஹோலின் பெயர் க்ளொண்டைக். பார் 5, அதாவது தேர்ந்தவர் ஐந்து அடியில் பந்தைக் குழிக்குள் சேர்க்க வேண்டியது. முதல் அடி ஒரு பள்ளத்தாக்கில் போய் விழும். நிமிர்ந்து பார்த்தால் எதிரே ஒரு பெரிய மணற்குன்று வழியை முழுசாக அடைத்துக்கொண்டு நிற்கிறது. இரண்டாவது அடி அதன் உச்சிக்கு மேலே போயாக வேண்டும். குன்றின் மேல் ஒரு ஆள் நிற்பார். அந்தப் பக்கம் 18ஆவது ஹோலின் ஃபேர்வே, அதாவது ஆட்டம் போகும் புல்பாதை, குறுக்கே போவதால், அங்கே யாரும் இல்லை என்று பார்த்து, அடிக்கலாம் என்று சைகை காட்டுவது அவர் வேலை. அடுத்தது டெல், சுமார் 150 கஜத்தில் ஒரு பார் 3. கிரீனுக்கு முன்னால் ஒரு மேடு, பின்னால் ஒரு மேடு. முதல் அடி அடிக்கும் இடமான டீயில் நிற்பவருக்குக் கொடியும் தெரியாது, கிரீனும் தெரியாது. முன்மேட்டின் சரிவில் வெள்ளை அடித்த ஒரு கல் மட்டும் தெரியும். அன்றைக்குக் குழி எங்கே இருக்கிறதோ அதற்கு நேராக அந்தக் கல்லை நகர்த்தி வைப்பார்கள். கல்லைக் குறிவைத்து அடித்துவிட்டு, என்ன ஆயிற்று என்று பார்க்க மேட்டைச் சுற்றி நடக்க வேண்டும். அந்த நடையில் இருக்கும் படபடப்பு நவீன கோர்ஸ் எதிலும் கிடைக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

இந்த இரண்டு ஹோல்களும் 1890களில் ஸ்காட்லாந்தின் பழம்பெரும் ஆட்டக்காரர் ஓல்ட் டாம் மாரிஸ் வகுத்த ஆட்டத்தின் மிச்சம். 1927இல் அலிஸ்டர் மெக்கன்சி வந்து கோர்ஸை மாற்றி அமைத்தார். பின்னாளில் ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸோடு சேர்ந்து அமெரிக்காவின் அகஸ்டா கோர்ஸை வடிவமைத்த அதே மெக்கன்சி. அவர் கை வைத்த பிறகும் க்ளொண்டைக்கும் டெல்லும் அப்படியே நின்றன. அவர் போட்ட ஏற்ற இறக்கமான கிரீன்கள் பல பிற்பாடு தட்டையாக்கப்பட்டன. 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில் வடிவமைப்பாளர் மார்ட்டின் ஹாட்ரீதான் கோர்ஸைச் சீரமைத்து மெக்கன்சியின் சாயலை மீட்டார். கண்ணுக்குத் தெரியாத இலக்கை நோக்கி அடிப்பது நியாயமில்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. அவர்கள் வாதத்தை மதிக்கிறேன், ஏற்கவில்லை. கல் இருக்கிறது, தூரம் தெரியும், காற்று முகத்தில் படுகிறது. ஒரு நல்ல அடிக்கு இதைவிட என்ன தகவல் வேண்டும்?

பாலிபனியனை எடுத்துக்கொண்டால், அதன் மேடுகளின் அழகுக்கு முன்னால் லஹிஞ்ச் நிற்க முடியாது. முதல் டீயிலேயே வலப்பக்கம் ஒரு பழைய இடுகாடு. வலது கைக்காரர்கள் பந்தைத் தவறாக அடித்தால் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் போகும். 2ஆவது ஹோல் இரண்டு மேடுகளுக்கு நடுவில் ஏறிப் போகிறது. 4, 5 இரண்டும் சுமார், மேடுகளை விட்டு விலகிய தட்டை நிலம். 1971இல் கிளப் கட்டடத்தை இடம் மாற்றியபோது ஹோல்களின் வரிசையும் மாறியது, இந்தச் சாதாரணப் பகுதி ஆட்டத்தின் தொடக்கத்துக்கு வந்துவிட்டது. முதல் ஒரு மணி நேரத்தை வைத்து பாலிபனியனை எடை போடாதீர்கள்.

6ஆவது தாண்டியதும் ஆட்டமே வேறு. 7ஆவது கடலோரம். 8ஆவது மேலிருந்து கீழே பார்த்து அடிக்கும் சின்ன பார் 3, கிரீனைத் தவறவிட்டால் மீள்வது கடினம். அப்புறம் 11ஆவது. இடப்பக்கம் மேடு, வலப்பக்கம் செங்குத்தாக இறங்கும் பாறை, கீழே அட்லாண்டிக். ஃபேர்வே படிப்படியாக இறங்கி, இரண்டு மேடுகளுக்கு இடையிலான குறுகிய வாசல் வழியாக கிரீனுக்குப் போகிறது. பங்கர் என்ற மணல்குழி ஒன்றுகூட இல்லை, தேவையும் இல்லை. உலகத்தின் சிறந்த பார் 4களைப் பட்டியலிடும் யாரும் இதை விட்டுவிட முடியாது. அடுத்து 14, 15 என்று பார் 3 இரண்டு அடுத்தடுத்து வருகின்றன. 16, 17 இரண்டும் மேடுகளைச் சுற்றி வளைகின்றன. 18இல் சஹாரா என்று பெயர் வைத்த பெரிய மணல்பரப்பு குறுக்கே கிடக்கிறது.

இந்த நிலம் கைவிட்டுப் போயிருக்கக்கூடியது. 1970களில் கடல் பாறையை அரித்து, கரையோர ஹோல்களையே விழுங்கும் நிலை வந்தது. கிளப் உலகெங்கும் உள்ள ஆட்டக்காரர்களிடம் நிதி திரட்டி, கல்லடுக்கிக் கரையைக் காத்தது. 1981இல் டாம் வாட்சன் முதன்முதலாக இங்கே ஆடினார். பிரிட்டிஷ் ஓப்பனை ஐந்து முறை வென்ற அவர் இந்தக் கோர்ஸைப் பற்றிப் போகுமிடமெல்லாம் பேசினார், 1990களில் இதன் சில திருத்தங்களைச் செய்து கொடுத்தார், 2000இல் கிளப்பின் கேப்டனாகவும் இருந்தார். இன்றைய பாலிபனியனின் புகழில் பாதி அந்த ஒருவரின் அன்பால் வந்தது. 1998இல் பில் கிளின்டன் வந்து ஆடியதும் உண்டு. ஊர் நடுவே அவருக்குச் சிலையே இருக்கிறது.

எது கடினம்? சந்தேகமில்லாமல் பாலிபனியன். பங்கர்கள் அதிகம் இல்லை, ஆனால் கிரீன்கள் சிறியவை, பல மேடைபோல உயர்ந்தவை, ஓரங்கள் சரிந்தவை. இரண்டு கஜம் விலகிய பந்து பத்து கஜம் கீழே உருண்டு நிற்கும். பலமான தென்மேற்குக் காற்றில் இரண்டாவது அடியைத் துல்லியமாக அடிக்கத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கோர்ஸ் முழுசாகத் திறக்கும். லஹிஞ்சில் ஓட்டிவிட்ட பந்துக்கும் வழி கிடைக்கிறது. ஹேண்டிகேப், அதாவது பாருக்கு மேல் வழக்கமாக ஆகும் அடிகள், 18, 20 என்று இருப்பவர் அங்கே அடிவாங்கினாலும் ஆட்டத்தை விட்டு வெளியே தள்ளப்பட மாட்டார். லஹிஞ்ச் எளிது என்று இதற்குப் பொருள் இல்லை. 2019 ஐரிஷ் ஓப்பன் போட்டியில் ஜான் ராம் கடைசி நாள் சுற்றை 62 அடிகளிலேயே முடித்து வென்றார் என்றால், அது ஒரு மேதை அடித்த எண். பாலிபனியனிலும் 2000இல் ஐரிஷ் ஓப்பன் நடந்தது, பாட்ரிக் ஷோலண்ட் வென்றார்.

கட்டணத்தில் பெரிய வித்தியாசம் கிடையாது. கோடைப் பருவத்தில் இரண்டுமே 300 யூரோவைத் தாண்டும், பையைச் சுமந்து வழிகாட்டும் கேடிக்குத் தனியாக. பணம் இடித்தால் லஹிஞ்சிலேயே காஸில் கோர்ஸ் என்ற தட்டையான இரண்டாவது கோர்ஸும், பாலிபனியனில் ராபர்ட் ட்ரென்ட் ஜோன்ஸ் 1980களில் வடிவமைத்த கேஷன் கோர்ஸும் குறைவான விலைக்குக் கிடைக்கும். கேஷனின் மேடுகள் பழைய கோர்ஸின் மேடுகளைவிடவும் பிரம்மாண்டமானவை. ஏறி இறங்கி முழங்கால் கெஞ்சும்.

கேடியை மட்டும் மிச்சம் பிடிக்க வேண்டாம். குறிப்பாக லஹிஞ்சில். டெல்லில் கல்லுக்கு வலப்பக்கமா இடப்பக்கமா என்று சொல்ல ஒரு உள்ளூர் ஆள் வேண்டும்.

கூட வருகிறவர்கள் கோல்ஃப் ஆடாதவர்கள் என்றால் லஹிஞ்ச் ஒரு படி மேல். கோர்ஸை ஒட்டியே ஊர், ஊரை ஒட்டியே அலைச்சறுக்கு ஆடும் கடற்கரை, மோஹர் பாறைகள் காரில் கொஞ்ச தூரம்தான். கிளப்புக்கும் ஊருக்கும் நடுவில் சுவர் இருப்பதாகவே தோன்றாது. மேட்டில் மேயும் ஆடுகள் கிளப் கட்டடத்தை நெருங்கி வந்தால் மழை வரும் என்பது அங்கே பழைய கணக்கு. ஆடுதான் கிளப்பின் சின்னமும். 1895இல் தொடங்கிய தென் அயர்லாந்து அமெச்சூர் போட்டி இன்றைக்கும் அங்கேதான் நடக்கிறது. பாலிபனியனிலும் நல்ல கடற்கரை உண்டு, கடற்பாசி வெந்நீர்க் குளியல் உண்டு. ஊர் சற்று அமைதி.

சரி, என் தீர்ப்பு. நிலத்தை வைத்துச் சொன்னால் பாலிபனியன் உயர்ந்தது. 6இலிருந்து 18 வரை அதற்கு இணையான தொடர் அந்தக் கரையில் இல்லை. ஹேண்டிகேப் ஒற்றை இலக்கத்தில் இருந்து, பந்தைத் தாழ்வாக, நேராக அடிக்கத் தெரிந்தால் யோசிக்காமல் அங்கே போங்கள். மற்றவர்களுக்கு, அதாவது நம்மில் பெரும்பாலோருக்கு, ஒரே ஆட்டம் என்றால் நான் லஹிஞ்சைத்தான் சொல்வேன். கோல்ஃப் முதலில் எப்படி ஆடப்பட்டதோ அந்த உணர்வை க்ளொண்டைக்கும் டெல்லும் அரைமணி நேரத்தில் உடம்புக்கு உணர்த்திவிடும். அதற்குத் திறமை எவ்வளவு என்பது பொருட்டில்லை.

இரண்டுக்கும் நாள் ஒதுக்க முடிந்தால் லஹிஞ்சை முதலில் வைத்துக்கொள்ளுங்கள். உருட்டி ஆடும் பழக்கம் அங்கே கைக்கு வந்துவிடும், மறுநாள் பாலிபனியனின் சின்ன கிரீன்களுக்கு அது உதவும். லிமெரிக் வழியாகச் சுற்றிப் போக வேண்டாம். கில்லிமரிலிருந்து டார்பர்ட்டுக்குக் காரோடு ஏறும் படகு இருக்கிறது, சுமார் 20 நிமிடத்தில் ஷானனின் அக்கரையில் இறக்கிவிடும். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருப்பதால், காலை ஆட்டத்தை முடித்து, படகில் கடந்து, சாயங்காலம் கேஷனில் ஒரு சுற்றுகூட முடியும். கால்கள் ஒத்துழைத்தால்.