பழுதான கமராவுக்குப் பதில் எது? மட்டக்களப்பில் இருந்து ஒரு கணக்கு

பழுதான கமராவுக்குப் பதில் இன்னொன்று தேடுகிறவருக்கு ஒரு வசதி உண்டு. முதல்முறை வாங்குபவர் போல விளம்பரத்தில் மயங்கத் தேவையில்லை. தான் எதைப் படம் எடுக்கிறோம், கமரா எங்கே அடிபடுகிறது என்பது அவருக்குத் தெரியும். என்னுடையது சாதாரண ஆரம்பநிலை டி.எஸ்.எல்.ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸ் மாற்றக்கூடிய கமரா. ஷட்டர் போய்விட்டது. திருத்தக் கேட்ட காசு, அதே மொடலைப் பழையதாக வாங்கும் விலையில் பாதியைத் தாண்டியது. மற்றப் பாகமெல்லாம் தேய்ந்திருக்க ஷட்டரை மட்டும் புதிதாகப் போட்டு என்ன பயன்? திருத்தும் யோசனையை அத்தோடு விட்டேன்.

நான் எடுப்பவை மூன்று வகை: இரவிரவாக ஆடும் கூத்து, கோயில் திருவிழா, பிறகு வாவியோரத்திலும் குமண தேசியப் பூங்காவிலும் பறவைகள். இந்த மூன்றையும் ஒரே கமராவிடம் கேட்பதுதான் சிக்கல். அதற்கு மேல் எங்கள் ஊர்க் காலநிலை வேறு. கல்லடிக் கடற்கரையில் ஒரு மாலை நின்றாலே லென்ஸின் முன்கண்ணாடியில் உப்புப் பிசுபிசுப்புப் படிந்துவிடும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் நுண்மணல் எல்லா இடுக்கிலும் புகும். மாரி தொடங்கினால் ஈரம். லென்ஸுக்குள் பூஞ்சணம் பிடிக்க அதுதான் வாய்ப்பான காலம். ஆகவே நம்பகமானது எது என்று கேட்டால், உப்பு, மணல், ஈரம் மூன்றையும் தாங்குமா, கெட்டால் இங்கிருந்தபடியே சமாளிக்கலாமா என்பதைத்தான் முதலில் பார்ப்பேன். முறையான சேர்விஸ் என்றால் கொழும்புதான், ஏறத்தாழ 300 கிலோமீற்றர். போய்வரும் செலவையும் கமராவின் விலையோடு சேர்த்துத்தான் எண்ண வேண்டும்.

மெகாபிக்சலைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கத் தேவையில்லை. கீழே வரும், லென்ஸ் மாற்றக்கூடிய கமராக்கள் எல்லாம் 24 மெகாபிக்சல். நோட்டீஸ் அடிக்கவும் அல்பம் போடவும் அது தாராளம்.

போனே போதாதா என்று வீட்டில் கேட்பார்கள். பகலில், பக்கத்தில் நிற்கும் ஆளை எடுப்பதற்குப் போதும்தான். வட்டக்களரியில், அதாவது கூத்தாடும் வட்ட மேடையில், கால் சுழற்றி ஆடும் அரசனை இரவில் எடுத்துப் பாருங்கள். போன் பல படங்களைச் சேர்த்து ஒன்றாக்கி வெளிச்சத்தை உண்டாக்குகிறது. ஆடுகிறவர் அதற்காக அசையாமல் நிற்கப் போவதில்லை. கையும் சலங்கையும் கரைந்துபோகும்.

தண்ணீர் புகாத சின்னக் கமரா ஒலிம்பஸ் டிஜி-6 பற்றியும் இரண்டு வார்த்தை. 2019இல் வந்தது, 12 மெகாபிக்சல், 15 மீற்றர் ஆழம் வரை தாங்கும் என்று கம்பனி சொல்கிறது. லென்ஸ் வெளியே நீளாது. அதனால் மணல் சிக்குகிற இடமே குறைவு. பாசிக்குடாவில் பவளப்பாறை எடுப்பவர், தோணியில் தொழிலுக்குப் போகிறவர் யோசிக்காமல் வாங்கலாம். மூடியின் இறப்பர் விளிம்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும் தண்ணீர் உள்ளே போகும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கூத்துக்கு இது ஆகாது. வெளிச்சத்தைப் படமாக்கும் சில்லான சென்சர் அவ்வளவு சின்னது.

பறவை ஆசை உள்ளவர்களை இழுப்பது நீள்சூம் கமரா. நிக்கோன் பி950ஐ எடுத்துக்கொள்வோம். 83 மடங்கு சூம், 24இல் இருந்து 2000 மில்லிமீற்றர் வரை. குமண வில்லில் (குளத்தில்) ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் இடையில் கூடு கட்டும் சங்குவளை நாரைகளைக் கரையில் நின்றபடியே முகம் தெரிய எடுக்கலாம். அதே தூரத்துக்கு டி.எஸ்.எல்.ஆருக்கு லென்ஸ் வாங்கப் போனால் காணி விற்க வேண்டும். ஆசைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்த சூமுக்கான விலையை சென்சர் கொடுக்கிறது. அதன் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மில்லிமீற்றர். சாதாரண டி.எஸ்.எல்.ஆரின் சென்சர் 330க்கும் 370க்கும் இடையில், அதாவது 12, 13 மடங்கு பெரியது. முழு சூமில் லென்ஸின் வாய் எஃப் 6.5 ஆகச் சுருங்கும் (எஃப் எண் கூடக் கூட வாய் சின்னது, வெளிச்சம் குறைவு). பகல் பத்து மணிக்குக் கண்ணாடி போன்ற படம். மாலை ஆறு மணிக்கு அதே நாரை மணல் தூவிய மாதிரி வரும். எனக்கு அதைவிடப் பெரிய தயக்கம் அமைப்பில். சூம் செய்யும்போது குழாய் குழாயாக வெளியே நீள்கிற லென்ஸ் உடம்போடு ஒட்டியது. அந்த இடுக்கில் மணல் போய்ப் பல்சக்கரம் இறுகினால் லென்ஸை மட்டும் கழற்றி மாற்ற முடியாது. முழுக் கமராவும் கொழும்புக்குப் போகும். பறவை மட்டுமே எடுப்பேன், காற்றடிக்கும் கடற்கரைக்குக் கொண்டுபோக மாட்டேன் என்பவருக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

சரி, உண்மையான போட்டி இனித்தான். உள்ளே அந்தக் கண்ணாடி இல்லாத புது மிரர்லெஸ்ஸா, பழைய டி.எஸ்.எல்.ஆரா?

2022க்கு முன் இந்தக் கேள்விக்கு விடை சுலபம். புதியதைப் பார்த்து வாங்கிவிடலாம். அந்த ஆண்டு மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியில் வற் வரி 18 வீதமானது. இறக்குமதியாகும் பொருளின் விலையில் இது எல்லாம் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஒரு புது ஆரம்பநிலைக் கமராவின் காசுக்கு, ஒரு படி மேலான பழைய கமராவும் நல்ல லென்ஸும் வாங்க முடிகிறது. இதனால்தான் பழையதைக் கணக்கில் எடுக்கிறேன். பழையதன் மேல் எனக்குத் தனிப் பாசம் ஒன்றும் இல்லை.

புதிதாகக் கெனன் 1500டி வாங்கச் சொல்லிக் கடைகளில் நெருக்குவார்கள். 2018இல் வந்தது. ஒன்பது போகஸ் புள்ளி, வினாடிக்கு மூன்று படம், உப்புக்கும் தூசுக்கும் எந்த அடைப்பும் இல்லை. சென்சரைத் தானே உதறித் துடைக்கும் வசதிகூடக் கிடையாது. கச்சான் காற்றில் லென்ஸ் மாற்றுகிற எங்களுக்கு அந்த வசதி ஆடம்பரம் இல்லை. அதன் போட்டியாளர் நிக்கோன் டி3500க்கும் அது இல்லை. ஆனால் அதன் பற்றரி ஒரு சார்ஜில் 1550 படம் போகும், கெனனுடையது 500. டி3500ஐ 2022இல் நிறுத்திவிட்டார்கள், இனிப் பழையதுதான் கிடைக்கும். இரண்டில் ஒன்று என்றால் நிக்கோன்தான். என் கணக்கில் இரண்டுமே தேவையில்லை, ஏனென்றால் நல்ல நிலையில் உள்ள ஒரு பழைய நிக்கோன் டி7200 அதே காசுக்குள் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது.

டி7200 2015இல் வந்தது. வயதைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். உடம்பில் தூசுக்கும் ஈரத்துக்கும் எதிரான அடைப்பு இருக்கிறது. மழையில் நனைக்கலாம் என்று அர்த்தமில்லை. உப்புக் காற்றிலும் மணலிலும் ஆயுள் கூடும், அவ்வளவுதான். சென்சர் தானே உதறிக்கொள்ளும். 51 போகஸ் புள்ளி, வினாடிக்கு ஆறு படம். ஷட்டரை 150,000 தடவை வரை கம்பனி சோதித்திருக்கிறது. மெமரி கார்ட் இரண்டு போடலாம். இரண்டிலும் ஒரே படம் பதியும்படி வைத்துவிட்டால், ஒரு கார்ட் செத்தாலும் கூத்தைப் பழக்கும் அண்ணாவியாரிடம் போய்த் தலையைச் சொறிய வேண்டியதில்லை. இந்த ஒரு காரணத்துக்காகவே அதை வாங்கலாம் என்பேன். கூலிக்குப் படம் எடுப்பவருக்கு நம்பகம் என்றால் இதுதான்.

எதிரே கெனன் ஆர்50. 2023இல் வந்த மிரர்லெஸ். பற்றரியும் கார்டும் சேர்த்தே 375 கிராம். டி7200 பற்றரியோடு 765. மோட்டார்சைக்கிளில் களுவாஞ்சிகுடி வரை தோளில் தொங்கவிட்டுப் போகிறவருக்கு இந்த வித்தியாசம் முதுகில் தெரியும். போகஸ் விஷயத்தில் பழையது இதற்குக் கிட்டவும் வராது. ஆளின் கண்ணைத் தானே தேடிப் பிடித்து, ஆள் சுழன்றாலும் விடாது. பறவையையும் அப்படியே பிடிக்கும். வீடியோவில் போட்டியே கிடையாது: இது 4கே, அதுவும் போகஸ் வழுக்காமல். டி7200இல் திரையைப் பார்த்து வீடியோ எடுக்கும்போது போகஸ் முன்னும் பின்னும் தடவித் தடவி நிற்கும். கலியாண வீடியோ ஓடர் எடுக்கிறவர் இந்த இடத்தோடு வாசிப்பதை நிறுத்திவிட்டு ஆர்50ஐ வாங்கலாம்.

படம் மட்டும் எடுக்கிறவருக்கு இனித்தான் கணக்கு மாறுகிறது. முதலாவது பற்றரி. கம்பனிக் கணக்கில் டி7200 1110 படம். ஆர்50 திரையைப் பார்த்து எடுத்தால் 370, கண்ணை வைத்துப் பார்க்கும் துளைக்குள் பார்த்து எடுத்தால் இன்னும் குறைவு. இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும் வரை ஆடுகிற கூத்துக்கு ஆர்50காரர் மேலதிகமாக இரண்டு பற்றரியாவது வைத்திருக்க வேண்டும். ஒறிஜினல் பற்றரி மலிவில்லை. போலி பற்றரி உப்பிப்போய்க் கமராவுக்குள் இறுகிக்கொள்ளும். அதன் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். தகுந்த சார்ஜர் இருந்தால் ஆர்50ஐ வயரிலேயே சார்ஜ் பண்ணலாம். கரண்ட் இல்லாத ஊரில் அது உதவும்.

இரண்டாவது, உடம்பில் அடைப்பு இல்லை. கார்ட் ஒன்றுதான் போடலாம்.

மூன்றாவது சத்தம். கோயிலில் பூசை நேரத்தில் ஆர்50ஐச் சத்தமே இல்லாமல் பாவிக்கலாம், ஐயர் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் அந்தச் சத்தமில்லாத முறையில் எல்.ஈ.டி விளக்கு உள்ள இடத்தில் படத்தின் குறுக்கே கறுப்புப் பட்டை விழலாம். எங்கள் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், சில விளக்குகள் வினாடிக்கு 100 தடவை மினுங்கும். ஷட்டரை நூறில் ஒன்று அல்லது ஐம்பதில் ஒன்று வினாடியில் வைத்தால் பட்டை பெரும்பாலும் போகும், ஆனால் ஆட்டம் கலங்கும். டி7200இன் ஷட்டர் டக்கென்று அடிக்கும். கூத்தில் மத்தளச் சத்தத்துக்கு நடுவே அதை யார் கேட்கப் போகிறார்கள்?

நான்காவதுதான் எனக்கு முக்கியம், லென்ஸ். கூத்துக்களரியின் மங்கிய வெளிச்சத்தில் படத்தைக் காப்பாற்றுவது உடம்பை விட லென்ஸ்தான். கமராவோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸை நீட்டினால் வாய் எஃப் 5.6. ஒரு 50 மில்லிமீற்றர் எஃப் 1.8 லென்ஸ் அதைவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சத்தை உள்ளே விடும். வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும் எண்ணான ஐ.எஸ்.ஓ 12800இல் பொரிந்துபோகிற படம் 1600க்கு அருகில் இறங்கி வரும். உடம்பில் ஐந்து தலைமுறை முன்னேறினாலும் இந்த வித்தியாசம் கிடைக்காது. நிக்கோனின் பழைய 50 எஃப் 1.8 டி லென்ஸ் செகண்ட் ஹேண்டில் மலிவு. டி7200இன் உடம்பிலேயே போகஸ் மோட்டார் இருப்பதால் அது நன்றாக வேலை செய்யும். டி3500, டி5600 இரண்டிலும் அந்த மோட்டார் இல்லை. அதே லென்ஸைப் போட்டால் கையால்தான் திருப்ப வேண்டும். இது தெரியாமல் வாங்கிவிட்டு லென்ஸ் பழுது என்று விற்கிறவர்களிடம் இருந்து நல்ல லென்ஸ் கிடைத்தவர்களும் இருக்கிறார்கள்!

ஆர்50க்கும் 50 எஃப் 1.8 உண்டு, நல்ல லென்ஸ்தான். ஆனால் லென்ஸ் பொருத்தும் அந்தப் புது அமைப்புக்குப் பழைய லென்ஸ் சந்தை இன்னும் சின்னது. அடப்டர் போட்டால் கெனனின் டி.எஸ்.எல்.ஆர் லென்ஸ்கள் பொருந்தும், போகஸும் ஓடும். பெட்டிக்குள் கெனன் லென்ஸ் மூன்று நான்கு வைத்திருப்பவர் அதனால் ஆர்50 பக்கம் போவதே புத்தி. என் பழைய கமராவில் மிஞ்சியது ஒரு கிட் லென்ஸ்தான். அதற்காக ஒரு கம்பனியோடு தாலி கட்டிக்கொண்டு இருக்க முடியாது.

சோனி ஏ6400ஐ விட்டுவிடவில்லை. 2019இல் வந்தது, கண்ணைப் பிடிக்கும் போகஸில் இன்றைக்கும் வலுவானது, பழையதாகவும் கிடைக்கிறது. பவர் பேங்கில் சார்ஜ் ஏறும். வீடியோவும் படமும் பாதிப் பாதி என்பவருக்கு ஆர்50ஐ விட இதையே சொல்வேன், லென்ஸ் தெரிவு கூட இருப்பதால். பற்றரிக் கதை இதிலும் அதேதான்.

ஆகவே என் முடிவு: பழைய டி7200, ஒரு 50 எஃப் 1.8, மிஞ்சிய காசில் பறவைக்கு ஒரு 70-300 மில்லிமீற்றர் லென்ஸ். நாரையின் கண் தெரியாது, நாரை தெரியும். போதும்.

பழையது வாங்கும்போது ஏமாறாமல் இருக்கச் சில விஷயம். நிக்கோனில் ஷட்டர் எத்தனை தடவை அடித்தது என்ற எண் படத்தின் தகவலுக்குள்ளேயே பதிவாகும். ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திருத்தாத படம். கலியாண வீட்டுப் போட்டோக்காரர் விற்பது என்றால் எண் பெரிதாகத்தான் இருக்கும். அதற்கேற்ப விலையைக் குறையுங்கள். கெனனில் பெரும்பாலான மொடல்களில் இந்த எண் படத்துக்குள் இராது, விற்கிறவர் சொல்வதைத்தான் நம்ப வேண்டும். லென்ஸின் வாயை முழுதாகத் திறந்து பின்பக்கத்தால் டோர்ச் அடித்துப் பாருங்கள். சிலந்தி நூல் மாதிரித் தெரிந்தால் பூஞ்சணம், விட்டுவிடுங்கள். எஃப் 16இல் வெறும் வானத்தை எடுத்தால் சென்சரில் உள்ள அழுக்கெல்லாம் புள்ளியாக வரும். அது துடைத்தால் போகும், பயப்படத் தேவையில்லை, பேரம் பேச உதவும். பிளாஷ் பொருத்துகிற தகட்டையும் அடியில் உள்ள ஆணித் துளையையும் கட்டாயம் பாருங்கள். அங்கே துரு இருந்தால் அந்தக் கமரா எங்களைப் போலவே கடற்கரையில் வாழ்ந்தது. உள்ளே என்ன நிலையோ யாருக்குத் தெரியும்.

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் காற்றுப் புகாத சாப்பாட்டுப் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் போட்டு, கமராவை அதற்குள் வையுங்கள். அரிசிப் பானைக்குள் புதைக்கிற வைத்தியம் வேண்டாம், மாத்தூசு உள்ளே போகும். புது மெமரி கார்டை முதல் நாளே முழுக்க நிரப்பி, திரும்ப எல்லாப் படமும் திறக்கிறதா என்று பாருங்கள். 128 ஜிபி என்று ஒட்டிய போலிக் கார்ட் பாதிக்கு முன்பே பழைய படங்களை விழுங்கத் தொடங்கும், நீங்கள் களரியில் நிற்கும்போது அது தெரிய வராது.