புரோக்கரின் சொந்தக் கணக்குக்கு புக்கிங் பணமா? போடாதீர்கள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் முகநூல், டிக்டாக் வழியாகப் புதுக் கார் வாங்கப் போய்ப் பணத்தை இழந்தவர்கள் சொல்வது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. தீபாவளிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் விளம்பரம் வரும்: முன்பணம் வேண்டாம், சம்பளச் சீட்டு இல்லாவிட்டாலும் லோன், ஷோரூம் விலையைவிடச் சில ஆயிரம் ரிங்கிட் குறைவு. விளம்பரம் போட்ட புரோக்கரை வாட்சப்பில் கேட்டால் தமிழிலேயே பதில் வரும். "அக்கா, ஐசி (அடையாள அட்டை) ரெண்டு பக்கமும் படம் எடுத்து அனுப்புங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்." அடுத்து "லோன் பாஸ்" என்பார். ஸ்டாக் ஒன்றுதான் இருக்கிறது, புக்கிங் பணத்தை இன்றைக்கே போடுங்கள் என்பார். பிறகு இன்சூரன்சுக்கு, நம்பருக்கு, பதிவுக்கு என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பணம் போகும். கார் மட்டும் அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று தள்ளிப்போகும். நேரில் போய் விசாரித்தால் ஷோரூமில் சொல்வார்கள்: "இந்தப் பேரில் எங்களிடம் ஆர்டரே இல்லை."

ஷோரூம் பொய் சொல்வதாக நினைத்து அங்கே சண்டை போடுகிறவர்கள் உண்டு. ஆனால் ஒரு புதுக் காருக்கு உருவாகும் தாள்களை எண்ணிப் பாருங்கள்: ஆர்டர் படிவம், புக்கிங் ரசீது, வங்கியின் தவணைக் கொள்முதல் ஒப்பந்தம் (கார் லோன் ஒப்பந்தம்), இன்சூரன்ஸ் பாலிசி, சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் பதிவு. இதில் எதிலும் வெளிப் புரோக்கரின் பெயர் வராது. ஷோரூமில் சம்பளத்துக்கும் கமிஷனுக்கும் வேலை செய்யும் எஸ்ஏ (விற்பனை ஆலோசகர்) வேறு, அவர்களிடம் ஆள் பிடித்துக் கொடுக்கும் புரோக்கர் வேறு. அவரிடம் நீங்கள் கொடுத்த பணம் ஷோரூமைப் பொறுத்தவரை கொடுக்காத பணம். அவருக்கும் ஷோரூமுக்கும் நடுவே இன்னும் ஓரிருவர் இருந்தால், யார் கையில் நின்றது என்பதே தெரியாது.

ஆகவே முதல் பாதுகாப்பு பணம் போடும் அந்த நிமிடத்தில்தான் இருக்கிறது. வங்கிச் செயலியில் கணக்கு எண்ணைத் தட்டியதும், உறுதி செய்யும் முன்பே, பெறுபவரின் பெயர் திரையில் வரும். அந்தப் பெயர் விற்பனை நிறுவனத்தின் பதிவுப் பெயராக, எழுத்துக்கு எழுத்து அதே பெயராக இருக்க வேண்டும். தனி ஆளின் பெயரோ, யாருக்கும் தெரியாத ஏதோ ஓர் 'எண்டர்பிரைஸ்' பெயரோ வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். "கம்பெனி கணக்குல போட்டா டிஸ்கவுண்ட் கிடைக்காது" என்பதுதான் வழக்கமாக வரும் சமாதானம். உண்மையான கழிவு ஷோரூமின் விலைப்பட்டியலிலேயே எழுதப்பட்டு வரும். தனி ஆளின் கணக்கு வழியாக வர வேண்டிய அவசியமே இல்லை.

காவல்துறையின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணையும் தொலைபேசி எண்ணையும் போட்டுப் பார்க்கலாம். புகார் இருந்தால் காட்டும். இல்லையென்று வந்தால் ஆள் நல்லவர் என்று அர்த்தமில்லை, இதுவரை யாரும் புகார் செய்யவில்லை என்று மட்டுமே அர்த்தம். ஒவ்வொரு சுற்றுக்கும் புதுக் கணக்கு வைத்துக்கொள்ளும் கும்பல்கள் உண்டு.

தொகையிலும் கவனம் வேண்டும். தவணைக் கொள்முதல் சட்டப்படி புக்கிங் கட்டணம் காரின் விலையில் 1 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. 60,000 ரிங்கிட் காருக்கு 600 ரிங்கிட். 2,000, 3,000 என்று கேட்டால் அது புக்கிங் இல்லை. பணம் கட்டிய அன்றே ஷோரூமின் முத்திரையோடு ரசீதும், உங்கள் பெயர், மாடல், நிறம், விலை எழுதிய ஆர்டர் படிவமும் கேளுங்கள். படிவம் வந்ததும் ஷோரூமின் பொது எண்ணுக்கு நீங்களே அழைத்து, ஆர்டர் எண்ணைச் சொல்லி, சிஸ்டத்தில் ஏறியிருக்கிறதா என்று உறுதி செய்யுங்கள். எண்ணைப் புரோக்கரிடம் வாங்காதீர்கள், கார் நிறுவனத்தின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து எடுங்கள்.

'முன்பணம் இல்லை' என்பதைக் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அதே சட்டம் குறைந்தது 10 விழுக்காடு முன்பணம் கேட்கிறது, அதாவது 6,000 ரிங்கிட். நிறுவனம் தரும் கழிவு அதை ஈடுகட்டினால் சிக்கலில்லை. ஆனால் சில புரோக்கர்கள் செய்வது வேறு: விலையை உயர்த்தி எழுதுவது, அல்லது நீங்கள் கட்டாத முன்பணத்தைக் கட்டியதாக ரசீது போடுவது. சம்பளச் சீட்டையே திருத்தி வங்கிக்கு அனுப்புகிறவர்களும் உண்டு. வங்கியில் கையெழுத்துப் போடுவது நீங்கள். பொய் வெளிப்பட்டால் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான், புரோக்கர் அல்ல. நிரப்பாத படிவத்தில் கையெழுத்து கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மாதத் தவணையை நீங்களே கணக்குப் போடுங்கள். நிலை வட்டியில், அதாவது முதல் லோன் தொகை முழுவதற்கும் ஒவ்வோர் ஆண்டும் வட்டி போடும் முறையில் தந்த லோன் என்றால்: 54,000 ரிங்கிட், ஆண்டுக்கு 3 விழுக்காடு, 9 ஆண்டுக்கு வட்டி 14,580. மொத்தம் 68,580. 108 மாதத்துக்கு வகுத்தால் மாதம் 635 ரிங்கிட். புரோக்கர் சொன்ன வட்டிக்கு இந்தக் கணக்கும் வங்கி ஒப்பந்தமும் ஒத்துவராவிட்டால், லோன் தொகையில் ஏதோ கூடியிருக்கிறது என்று பொருள். இன்சூரன்சும் பாகங்களும் உள்ளே நுழைவது இங்கேதான்.

இன்சூரன்சில் போகும் பணம் பலருடைய கண்ணுக்குத் தெரிவதில்லை. பழைய காரை விற்றுவிட்டுப் புதுக் கார் எடுப்பவருக்கு அதிலிருந்த என்சிடி கழிவை, அதாவது இழப்பீடு கேட்காமல் ஓட்டியதற்குச் சந்தாவில் கிடைக்கும் தள்ளுபடியை, மாற்றிக்கொள்ள முடியும். அது 25 விழுக்காட்டில் தொடங்கி 55 வரை ஏறும். அடிப்படைச் சந்தா 2,000 ரிங்கிட் என்றால் 55 விழுக்காடு கழிவில் 900தான். புரோக்கர் கழிவே இல்லாத கணக்கில் ரொக்கமாக வாங்கி, கழிவோடு பாலிசி எடுத்தால் 1,100 ரிங்கிட் அவருடைய பைக்குள். இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கு நீங்களே நேராகக் கட்டுங்கள். பாலிசியில் என்சிடி விழுக்காட்டையும் காப்புத் தொகையையும் பாருங்கள்.

ஐசி படம் அனுப்பும்போது அதன் மேல் குறுக்கே எந்தக் காருக்கு, எந்த வங்கி லோனுக்கு, என்ன தேதி என்று எழுதிவிட்டு அனுப்புங்கள். வெறும் படம் கிடைத்தால் ஒரே நாளில் நாலைந்து வங்கிக்கு விண்ணப்பம் போய்விடலாம். அவை வங்கிகள் பார்க்கும் கடன் விவரப் பதிவான சிசிஆர்ஐஎஸ்-இல் ஏறும், அடுத்த வங்கி அதைப் பார்த்துத் தயங்கும். உங்கள் பதிவை மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் இ-சிசிஆர்ஐஎஸ்-இல் இலவசமாகப் பார்க்கலாம். நீங்கள் கேட்காத விண்ணப்பம் இருந்தால் உடனே அந்த வங்கியை அழையுங்கள்.

கார் கைக்கு வரும் அன்று மாலையும் எலுமிச்சம்பழமும் காத்திருக்கட்டும். முதலில் காரின் உடலில் பொறித்த சாசி எண்ணை எடுத்து விலைப்பட்டியல், பாலிசி, ஜேபிஜே பதிவு மூன்றோடும் ஒப்பிடுங்கள். டயரின் பக்கச் சுவரில் டிஓடி எழுத்துகளுக்குப் பின் கடைசி நான்கு இலக்கம் தயாரான வாரமும் ஆண்டும்: 3524 என்றால் 2024-இன் 35-வது வாரம். டயர் கார் கூடும் முன்பே தயாராவதால் சில மாதம் பழசாக இருப்பது இயல்பு, ஒன்றரை வருடம் பழசானால் கேள்வி கேளுங்கள். பினாங்கில் வாங்குபவர்கள் கிலோமீட்டரையும் பார்க்க வேண்டும். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு ஏறக்குறைய 350 கிலோமீட்டர். மீட்டரில் அவ்வளவு ஏறியிருந்தால், வேறு ஊர் ஷோரூம் காரை டிரெய்லரில் ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஓட்டி வந்திருக்கக்கூடும். பதிவுத் தேதி நீங்கள் புக்கிங் செய்ததற்கு முந்தையதாக இருந்தால் அது புதுக் கார் இல்லை. மறுவிற்பனை விலை பதிவு ஆண்டைப் பார்த்துத்தான் பேசப்படும், அதனால் அந்த வித்தியாசத்துக்கு விலை குறைக்கச் சொல்லுங்கள், இல்லை வாங்காதீர்கள். பதிவானதும் கார் உங்கள் மைஜேபிஜே செயலியில் வந்துவிடும். வராத காருக்கு மீதிப் பணம் தராதீர்கள்.

பணம் ஏற்கெனவே போய்விட்டதா? உங்கள் வங்கியின் மோசடி எண்ணையோ தேசிய மோசடி மையத்தின் 997-ஐயோ உடனே அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு மாறும் முன் தடுக்க வாய்ப்பிருப்பது முதல் சில மணி நேரத்தில்தான். அதன் பிறகு போலீஸ் புகார். வாட்சப் உரையாடலை அழிக்காமல் முழுவதும் சேமித்து, பணம் போட்ட ரசீதுகளை அச்செடுத்துக்கொண்டு போங்கள்.

ஆள் தலைமறைவாகாமல் இழுத்தடிக்கிறார் என்றால் பயனீட்டாளர் தீர்ப்பாயம் இருக்கிறது. 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைக்கு 5 ரிங்கிட் கட்டணம், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் எதிர்த்தரப்பின் பெயரும் முகவரியும் இல்லாமல் அறிவிப்பை அனுப்ப முடியாது. வாட்சப் எண் மட்டும் வைத்திருப்பவர்கள் தடுமாறுவது இங்கேதான். ஆகவே பேச்சு ஆரம்பிக்கும்போதே புரோக்கரின் முழுப் பெயர், எஸ்எஸ்எம் (நிறுவனங்கள் ஆணையம்) பதிவு எண், அலுவலக முகவரி மூன்றையும் எழுத்தில் வாங்கி, எஸ்எஸ்எம் தளத்தில் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.