வின்சென்ஸ் வாக்கிங் டூர்: அந்த சின்ன சிவப்பு வீட்டுக்காகவே போகலாம்

போன மாசம் ஒரு சனிக்கிழமை அமெரிக்காவுல இண்டியானா மாநிலத்துல இருக்கிற வின்சென்ஸ் ஊருக்குப் போய் ஒரு பிரைவேட் கைடட் டூர் எடுத்தோம், அரை நாள், மொத்தம் பதினோரு பேர். அஞ்சுக்கு மூணரை குடுப்பேன். கைடு ரொம்ப நல்லவர், விஷயம் தெரிஞ்சவர், ஆனா நேரத்தைப் பிரிச்ச விதம்தான் சரியில்ல.

முதல்ல வாபாஷ் ஆத்தங்கரையில இருக்கிற ஜார்ஜ் ரோஜர்ஸ் கிளார்க் நினைவு மண்டபம். பெரிய வட்டக் கட்டடம், சுத்தி 16 தூண், உள்ள ஏழு பெரிய சுவரோவியம், நடுவுல வெண்கலச் சிலை. அமெரிக்கப் புரட்சிப் போர் நடந்தப்ப, 1779 பிப்ரவரியில கிளார்க்ங்கிற அமெரிக்கத் தளபதி சுமார் 170 பேரைக் கூட்டிக்கிட்டு வெள்ளத்துல இடுப்பளவு தண்ணியில நடந்து வந்து பிரிட்டிஷ்காரங்க கையிலிருந்த சாக்வில் கோட்டையைப் பிடிச்ச கதை. நல்ல கதைதான், ஆனா அதுக்கு மட்டும் ஒரு மணி நேரத்துக்கு மேல போயிடுச்சு, அப்பவே எனக்கு மனசுல பதட்டம், ஏன்னா நான் வந்தது அதுக்கப்புறம் நடந்ததைப் பாக்க.

1800 ஜூலை 4ல இருந்து 1813 வரை இந்த ஊருதான் இண்டியானா டெரிட்டரியோட (டெரிட்டரின்னா இன்னும் மாநிலம் ஆகாத பகுதி) தலைநகரமா இருந்தது. இப்ப இருக்கிற இண்டியானா மட்டும் இல்ல, இல்லினாய், விஸ்கான்சின், மிச்சிகன்ல மினசோட்டால கொஞ்சம்னு அவ்வளவு பெரிய நிலப்பரப்பு, ஆனா 1800 சென்சஸ்ல எண்ணினது வெறும் அஞ்சாயிரத்துச் சொச்சம் பேர், பூர்வகுடி மக்களை அதுல சேக்கவே இல்ல. மாநிலம் ஆகுறதுக்கு முன்னாடி ஜனங்களுக்கு கவர்னரைத் தேர்ந்தெடுக்கிற உரிமை கிடையாது, ஜனாதிபதி ஒருத்தரை அனுப்புவார், கூட மூணு ஜட்ஜ், அவங்க நாலு பேரு வச்சதுதான் சட்டம். அடிமையா இல்லாத, வயசு வந்த ஆம்பளைங்க 5,000 பேர் சேர்ந்தா சட்டசபை, மொத்தம் 60,000 பேர் ஆனா மாநிலம்னு, இந்தப் பகுதியை ஆள அமெரிக்க காங்கிரஸ் போட்ட 1787 ஆர்டினன்ஸ்ல படிப்படியா எழுதி வச்சிருந்தாங்க. ஓட்டுப் போடவும் சொந்தமா 50 ஏக்கர் இருக்கணும்.

இதெல்லாம் கைடு சொன்னது அந்த சிவப்பு வீட்டுக்குள்ள நின்னு. டெரிட்டரி சட்டசபை கூடின கட்டடம்னு சொன்னா நம்ப முடியாது, ரெண்டு மாடி மர வீடு அவ்வளவுதான், மேஜை, பெஞ்சு, கணப்பு. இதுக்குள்ள உக்காந்தா அத்தனை பெரிய நிலத்தை ஆண்டாங்கன்னு நினைச்சு நான் கொஞ்ச நேரம் பேசாமயே நின்னுட்டேன். கட்டடத்தையே இடம் மாத்தி மாத்தி கொண்டு வந்து காப்பாத்தி வச்சிருக்காங்க, அந்த உழைப்புக்கே கையெடுத்துக் கும்பிடணும். இங்க எங்களுக்குக் கிடைச்சது 15 நிமிஷம்!

பக்கத்துலயே எலிஹு ஸ்டவுட்டோட அச்சகம், மறுபடி கட்டினது. கென்டக்கியில இருந்து சாமான் கொண்டு வந்து 1804 ஜூலையில இண்டியானா கெஜட் ஆரம்பிச்சார், 1806ல நெருப்புல எல்லாம் போச்சு, அடுத்த வருஷமே வெஸ்டர்ன் சன்னு வேற பேர்ல திரும்ப ஆரம்பிச்சுட்டார். டெரிட்டரி சட்டங்களை அச்சடிச்சதும் அவர்தான். மர பிரெஸ்ஸும், எழுத்தைத் தலைகீழா அடுக்கிற விதமும் பாத்தப்ப குழந்தைங்க அசையல.

கடைசியா கவர்னர் வில்லியம் ஹென்றி ஹாரிசன் கட்டின க்ரவுஸ்லேண்ட் மாளிகை. செங்கல் வீடு, அந்தக் காட்டுல அப்படி ஒரு வீடு எப்படி தெரிஞ்சிருக்கும்னு யோசிங்க. 1809 ஃபோர்ட் வெய்ன் ஒப்பந்தத்துல ஹாரிசன் கிட்டத்தட்ட 30 லட்சம் ஏக்கர் வாங்கினார், அந்த நிலம் எல்லா பூர்வகுடி இனத்துக்கும் பொது, சில தலைவருங்க மட்டும் கையெழுத்துப் போட்டு விக்க முடியாதுன்னு ஷானிங்கிற பூர்வகுடி இனத்துத் தலைவர் டெகம்சே 1810 ஆகஸ்ட்ல இதே வீட்டுக்கு முன்னாடி வந்து ஹாரிசன்கிட்ட நேருக்கு நேர் வாதாடினார். அடுத்த வருஷம் நவம்பர்ல ஹாரிசன் படைக்கும் டெகம்சே பக்கத்து பூர்வகுடி வீரர்களுக்கும் டிப்பகனூ போர். இந்தப் பகுதியை கைடு ரொம்ப உருக்கமா, ரெண்டு பக்கத்துக்கும் மரியாதை குடுத்து சொன்னார், முழு மார்க்.

எனக்கு இருக்கிற பெரிய குறை இதுதான். அதே 1787 ஆர்டினன்ஸ் இங்க அடிமைமுறை கூடாதுன்னு சொல்லுச்சு, ஆனா டெரிட்டரி 1805ல போட்ட சட்டப்படி அடிமைங்களைக் கொண்டு வந்து 30 நாளுக்குள்ள இத்தனை வருஷம் வேலை செய்யறேன்னு அவங்ககிட்ட "ஒப்பந்தம்" போட்டுக்கலாம். ஒத்துக்க மாட்டேன்னு சொன்னா அவங்களை 60 நாளுக்குள்ள டெரிட்டரிக்கு வெளிய கொண்டுபோயிடலாம், அப்புறம் எங்க இருந்து வரும் சம்மதம்? 15 வயசுக்குக் கீழ இருந்தா பையன் 35 வயசு வரை, பொண்ணு 32 வயசு வரை வேலை செஞ்சாகணும். 1810ல அந்தச் சட்டத்தை ரத்து பண்ணினாலும் ஏற்கனவே போட்ட ஒப்பந்தத்துல மாட்டினவங்க அப்படியேதான் இருந்தாங்க. சிவப்பு வீட்டுல நிக்கும்போதே இதைச் சொல்லியிருக்கணும், நான் கேட்டப்புறம்தான் கைடு சொன்னார், அதுவும் வண்டி நிறுத்தின இடத்துக்கு நடந்துக்கிட்டே. கேட்டதும் தயங்காம விவரமா சொன்னார்ங்கிறதையும் சொல்லிடறேன்.

இன்னொண்ணு, காதுல மாட்டிக்கிற ஆடியோ ரிசீவர் எங்க நாலு பேருல ரெண்டு பேருக்கு பாதியிலயே நின்னு போச்சு, மாத்திக் குடுக்க ஸ்பேர் இல்ல. நீங்க போனா கைடு பக்கத்துலயே ஒட்டிக்கிட்டு நடங்க.

புக் பண்ணும்போதே சிவப்பு வீட்டுல கூடுதல் நேரம் வேணும்னு கேட்டுடுங்க, சின்ன குரூப்னா ஒத்துக்குவாங்கன்னு கைடே சொன்னார். டூர் முடிஞ்சப்புறம் நாங்களா போய் மேரி பேட்மேன் கிளார்க் நினைவுப் பலகையைப் பாத்தோம். ஒப்பந்தத்துல கட்டி வச்சிருந்த கறுப்பினப் பெண், கோர்ட்டுக்குப் போய் 1821ல மாநில சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சு விடுதலை வாங்கினவங்க. டூர் லிஸ்ட்ல அது இல்ல, ஊருக்குள்ளயே தான் இருக்கு, கட்டாயம் போய்ப் பாருங்க.