ஆண்டர்சன் தெரு பேப்பர் கடை: என்டர்பிரைஸ் கப்பல் கட்டுனவன் எழுதுற ரிவ்யூ

ஒன்றரை மாசமா ராத்திரியில உக்காந்து பேப்பர்ல வெட்டி ஒட்டுன, ஸ்டார் ட்ரெக் சீரியல்ல வர்ற என்டர்பிரைஸ் விண்வெளிக் கப்பல் போன வாரம் முடிஞ்சுது, அதுக்கு பேப்பர் குடுத்த கடையப் பத்தி எழுதியே ஆகணும். பாரிஸ் கார்னர்ல இறங்கி ஆண்டர்சன் தெருவுக்குள்ள போனா ரெண்டு பக்கமும் கல்யாணப் பத்திரிகை, நோட்டு, பேப்பர் கடைங்கதான், அதுக்கு நடுவுல உள்ளடங்கி ஒரு சின்ன கடை.

1966ல டிவில வந்த கப்பல்தான், முன்னாடி தட்டு மாதிரி பெரிய வட்டம், அதுக்குக் கீழ கழுத்து, பின்னாடி ரெண்டு நீளக் குழாய் மெல்லிசான காலு மேல நிக்கும். கதைப்படி 289 மீட்டர், நான் பண்ணது ஆயிரத்துல ஒரு பங்கு, அதாவது 29 சென்டிமீட்டர், தட்டு மட்டும் 12.7, ஏ4ல தாராளமா அடங்கிடும்.

முதல் தடவ ஆன்லைன்ல போட்டோ பேப்பர் வாங்கி பண்ணேன், குழாய் சுத்தும்போது உருண்டையா வராம பட்டை பட்டையா மடங்கிடுச்சு, ராயபுரத்துல கடக்காத்து ஈரம் வேற, காலையில எழுந்து பாத்தா ரெண்டு காலும் சாஞ்சு கிடக்குது. அழுகையே வந்துடுச்சு.

இந்த கடைல இருக்குற பெரியவரு, "இன்னா செய்யப் போற தம்பி"ன்னு கேட்டாரு, போன்ல படத்த காட்டுனேன். ஒரு ஷீட்ட எடுத்து ரெண்டு பக்கமும் வளைச்சு காட்டி, "இப்டி சுலபமா வளையுது பாரு, கிரெயின், அதான் பேப்பரோட நாரு, இந்தப் பக்கம் ஓடுது, குழாய் சுத்தணும்னா கிரெயின் குழாயோட நீளத்துக்கு போவணும்"னாரு. இத்தன வருஷமா பேப்பர் மாடல் பண்றேன், இத யாருமே எனக்கு சொன்னதில்ல. பெரிய ஷீட்லேருந்து குழாய்க்கு ஒரு வாக்குல, தட்டுக்கு இன்னொரு வாக்குல 180 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் பேப்பரோட எடை, கிராம்ல) ஐவரி அட்டை வெட்டிக் குடுத்தாரு, காலுக்கு உள்ள வைக்க 300 ஜிஎஸ்எம் போர்டு. இந்த தடவ குழாய் பென்சில்ல சுத்துன மாதிரி வந்துச்சு, காலும் இன்னும் நேரா நிக்குது.

பிரிண்ட் மட்டும் அங்க எடுக்காதீங்க. லேசர் பிரிண்ட், மடிக்கிற எடத்துல டோனர், அதாவது மைப் பொடி, உடைஞ்சு வெள்ளக் கோடு விழுது. வெளிய இங்க்ஜெட்ல எடுத்து, ஃபெவிகால் ஈரத்துல கலர் கலையாம இருக்க மேட் வார்னிஷ் அடிச்சுட்டு அப்புறம் வெட்டுனேன், மடிப்புக்கு தீர்ந்து போன ரீஃபில்லால கோடு, வெட்டுன ஓரத்துல தெரியுற வெள்ளைக்கு சாம்பல் வாட்டர்கலர். அந்த சீரியல் ஷூட்டிங்குக்கு பண்ண 11 அடி மாடல் வாஷிங்டன் மியூசியத்துல இருக்கு, 2016ல பழுது பாத்து வச்சிருக்காங்க, அந்த போட்டோவ பாத்துதான் சாம்பல்ல லேசா பச்சை கலந்தேன்.

ஒரு பாக்கெட் கோணலா வெட்டியிருந்துச்சு, பிரிண்டர்ல சாய்ஞ்சு சாய்ஞ்சு போச்சு, திருப்பிக் கொண்டு போனதும் ஒரு வார்த்தை பேசாம மாத்திக் குடுத்தாங்க. வண்டி நிறுத்த எடமே இல்ல, பஸ்லயோ மெட்ரோலயோ போங்க, ஞாயித்துக்கிழமை லீவு. கையில உங்க டிசைனோட போங்க, எந்த பார்ட்டுக்கு எந்தப் பக்கம் கிரெயின்னு பாத்து அவரே வெட்டிக் குடுப்பாரு.