தர்மபுரியைச் சுற்ற எது தோது: அரசு சைக்கிளா, கியரா, பேட்டரியா?

மகள் பிளஸ் ஒன் படித்தபோது அரசு இலவசமாகப் பள்ளியில் கொடுத்த சைக்கிள், மாடிப்படிக்குக் கீழே மூன்று வருடமாகத் தூசி படிந்து கிடந்தது. அதைத் திரும்பியும் பார்க்காமல் கடைக்குப் போய் 21 கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி வந்தேன். ஒரு வருடம் அதில் ஊரைச் சுற்றினேன். பிறகுதான் அந்தப் பழைய சைக்கிளை வெளியே இழுத்து ஓவராய்லிங் செய்தேன். இப்போது எட்டு மாதமாக அதுதான் என் வண்டி. நடுவில் மாமாவின் பேட்டரி சைக்கிளையும் இரண்டு வாரம் ஓட்டினேன். மூன்றிலும் போனது ஒரே தெருக்கள், ஒரே வேலைகள்.

நான் பந்தயம் ஓட்டுகிறவன் இல்லை. காய் வாங்க, மாவு அரைக்க, பேங்குக்கு, தபாலாபீசுக்கு என்று தினமும் எட்டு, பத்து கிலோமீட்டர் வரும். போகிற வழியை மட்டும் தினமும் கொஞ்சம் மாற்றிக்கொள்வேன். நாற்பது வருடம் இருந்த ஊரை அப்படித்தான் தெரிந்துகொண்டேன். அதனால் என் கணக்கில் சைக்கிளுக்கு முதல் தகுதி வேகம் கிடையாது. நினைத்த இடத்தில் இறங்க முடிகிறதா என்பதுதான்.

இதில் அரசு சைக்கிளுக்குப் பக்கத்தில் மற்ற இரண்டும் வரவே முடியாது. குறுக்கே பார் இல்லாத லேடீஸ் வண்டி. வேட்டியோடு ஏறலாம், இறங்கலாம். முன்னால் கூடை, பின்னால் கேரியர், மட்கார்டு, செயின் கார்டு எல்லாம் கூடவே வருகிறது. பின்சக்கரத்துப் பூட்டை ஒரு தட்டுத் தட்டினால் பூட்டிக்கொள்ளும். கியர் சைக்கிளில் இவை எதுவுமே இல்லை. தக்காளிப் பையை ஹேண்டில்பாரில் மாட்டினால் முழங்காலில் இடிக்கும். மழை பெய்த மறுநாள் முதுகு முழுக்கச் சேற்றுக் கோடு. பூட்டுவதற்குச் சங்கிலியை எடுத்துச் சுற்ற வேண்டும். இதெல்லாம் சின்ன விஷயம்தான், ஆனால் ஒவ்வொரு தடவையும் 'சரி, இன்னொரு நாள் பார்த்துக்கலாம்' என்று மிதித்துப் போக வைத்துவிடும்.

பட்டுக்கூடு அங்காடியை அப்படித்தான் ஒரு வருடம் தாண்டித் தாண்டிப் போனேன். அரசு சைக்கிளுக்கு மாறிய வாரமே இறங்கி உள்ளே நுழைந்தேன். வெள்ளைக் கூடு ஒரு பக்கம், மஞ்சள் கூடு ஒரு பக்கம், குவியல் குவியலாகக் கொட்டி ஏலம் நடந்துகொண்டிருந்தது. விவசாயி ஒருவர் கூடு ஒன்றை எடுத்து என் காதோரம் ஆட்டிக் காட்டினார். உள்ளே புழு காய்ந்த விதை மாதிரி லொடலொடவென்றது. "இப்படிக் கேட்டாத்தான் சார் நல்ல கூடு" என்றார்.

கோட்டைக் கோயிலும் அப்படித்தான். சின்ன வயதிலிருந்து கும்பிட்டு வந்த இடம். கல்யாண காமாட்சி சந்நிதியின் அடித்தளத்தை யானைகள் தாங்குவதையும், மல்லிகார்ஜுனர் கோயிலில் தரையை முழுதாகத் தொடாத தொங்கும் தூணையும் நின்று பார்த்தது இந்த எட்டு மாதத்தில்தான். தைப்பூசத்தில் பெண்கள் மட்டுமே வடம் பிடிக்கும் குமாரசாமிப்பேட்டைத் தேர், மற்ற நாட்களில் எப்படி நிற்கிறது என்று தேடிப் போனதும் இந்த வண்டியில்தான்.

கியரின் பலம் ஏற்றத்தில் தெரியும், அதை மறைக்கக் கூடாது. செயின் ஓடும் சக்கரங்களின் பற்களை எண்ணிப் பார்த்தேன். அரசு சைக்கிளில் முன்னால் 44, பின்னால் 18. பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஏறக்குறைய ஐந்து மீட்டர் போகும், மேடோ பள்ளமோ அதே ஐந்து மீட்டர்தான். கியர் சைக்கிளில் முன்னால் சின்னச் சக்கரம் 24, பின்னால் பெரியது 28; அதைப் போட்டால் ஒரு சுற்றுக்கு இரண்டு மீட்டர்கூட வராது. மெதுவாகத்தான் ஏறும், ஆனால் மூச்சு வாங்காது. ஊருக்குள் இது பெரிதாகத் தேவைப்படவில்லை. நாலு ரோட்டிலிருந்து ராமாக்காள் ஏரிக்கரை வரை ஒரே கியரில் பேசிக்கொண்டே போகலாம். அதியமான்கோட்டை ஏழு கிலோமீட்டர். சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்து ஓவியங்களைப் பார்க்க அரசு சைக்கிளிலேயே மூன்று முறை போய்விட்டேன். அந்தப் பக்கம் போகிறவர்கள் லாரி பறக்கும் நாலுவழிச் சாலையில் ஏறாமல், சர்வீஸ் ரோடு இருக்கும் இடமெல்லாம் அதிலேயே போங்கள். தேய்பிறை அஷ்டமி அன்று வேண்டாம். காலபைரவர் கோயிலுக்குப் பூசணி விளக்கேற்ற வரும் கூட்டத்தில் சைக்கிளை உருட்டவும் இடம் இருக்காது.

பாப்பாரப்பட்டிக்குப் போனால் கணக்கு மாறுகிறது. பதினைந்து கிலோமீட்டருக்கு மேல், ஏறி இறங்கும் ரோடு, எதிர்காற்று வேறு. அரசு சைக்கிளில் போய்த் திரும்பிய அன்று இரவு தொடை இரண்டும் கல்லாகிவிட்டது. தூரமாகப் போக ஆசைப்படுகிறவர்கள் கியரே வாங்கட்டும். ஆனால் பொத்தான் பொத்தானாகக் கனத்த டயர் போட்டதை வாங்க வேண்டாம். தார் ரோட்டில் அது இழுக்கும் இழுப்பு, கியர் கொடுக்கும் சுகத்தில் பாதியைத் தின்றுவிடும்.

அடுத்தது ரிப்பேர். கியர் சைக்கிளை நிறுத்தியிருந்த இடத்தில் யாரோ இடித்து, வலது பக்கமாகச் சாய்ந்து விழுந்தது. பார்த்தால் ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வரும் வழியில் பின்னால் பெரிய பல்சக்கரத்துக்கு மாற்றினேன், செயின் ஸ்போக்ஸுக்குள் போய்ச் சிக்கியது. பின்பக்கம் கியர் தொங்கும் சின்ன அலுமினியத் துண்டு வளைந்திருந்ததுதான் காரணம். விரல் நீளம்கூட இல்லாத அந்தத் துண்டுக்காக, வாங்கிய கடையில் மூன்று வாரம் அலையவிட்டார்கள். அரசு சைக்கிளை எந்த மூலைக் கடையிலும் தரலாம். பெண்டு எடுப்பதோ, பால்ரஸ் மாற்றுவதோ அரை மணி நேர வேலை.

காற்று விஷயத்தில் மட்டும் கியருக்கு ஒரு வசதி. அதன் வால்வு பைக் வால்வுதான். பெட்ரோல் பங்கிலேயே அடித்துக்கொள்ளலாம். அரசு சைக்கிளின் பழைய வால்வுக்குள் மெல்லிய ரப்பர் குழாய் ஒன்று இருக்கும். வெயிலில் அது பிசுபிசுத்துப் போனால் பஞ்சரே இல்லாமல் காற்று இறங்கும். இரண்டு ரப்பரை எப்போதும் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். சீமைக்கருவேல முள்ளுக்கு மட்டும் மூன்று வண்டியும் ஒன்றுதான்.

பேட்டரி சைக்கிளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 250 வாட்டுக்குக் குறைவான மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவான வேகம் என்றால் லைசென்சும் வேண்டாம், பதிவும் வேண்டாம். மாமாவுக்கு வயது அறுபத்து மூன்று, மூட்டு வலி. அந்த வண்டி இல்லையென்றால் அவர் இலக்கியம்பட்டியை விட்டு வெளியே வந்திருக்க மாட்டார். அவரைப் போன்றவர்களுக்கு நான் வேறு எதையும் சொல்ல மாட்டேன். காலில் தெம்பு இருப்பவர்களுக்கு அது தேவையில்லை. சார்ஜ் தீர்ந்துவிட்டால் அவ்வளவு கனத்தையும் சேர்த்து மிதிக்க வேண்டும். அது போகிற வேகத்தில் தெருவும் கண்ணில் நிற்காது.

ஆகவே வீட்டில் அரசு சைக்கிள் சும்மா கிடந்தால் முதலில் அதை எடுங்கள். மாணவர்களுக்கான அளவு என்பதால் சீட் தாழ்வாக இருக்கும். நீளமான சீட் கம்பி போட்டு உயர்த்தினால் முட்டி வலிக்காது. பிரேக் கட்டை நான்கையும் மாற்றுங்கள். டயர், டியூப், பேரிங், முன் விளக்கு எல்லாம் சேர்த்து எனக்கு இரண்டாயிரத்துக்குள் முடிந்தது. கியர் சைக்கிளுக்குப் பதினாறாயிரம் கொடுத்திருந்தேன்.

அதை விற்கவில்லை, தம்பி மகனிடம் கொடுத்துவிட்டேன். விடுதலைப் போராட்ட வீரர் சுப்பிரமணிய சிவா 1925 ஜூலை 23 அன்று பாப்பாரப்பட்டியில்தான் காலமானார், நினைவிடமும் அங்கேயே இருக்கிறது. வருகிற ஜூலை 23 அன்று அங்கே சைக்கிளில் போவதாக இருக்கிறேன். அந்த ஒரு நாளுக்கு மட்டும் கியர் சைக்கிளைத் தரும்படி அவனிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.